ஏழு யன்னலும் ஒரு வாளி சுண்ணாம்பும்

வரி அலுவலகத்தின் மூன்றாம் மாடியில்
யன்னல்களைக் கழற்றினார்கள்.
மூன்றடுக்குக் கண்ணாடி வருகுதாம்,
சூடு வெளியே போகாதாம்.
பழையதெல்லாம் முற்றத்து இரும்புத் தொட்டிக்குள்.
எடுக்கலாமா என்று மேற்பார்வைப் பொடியனிடம் கேட்டேன்.
தோளைக் குலுக்கினான்.
ஹாகன் நகரத்தில் அதற்குப் பெயர் அனுமதி.

ஏழு யன்னல்.
பதினாலு வருஷம், விடிய நாலரைக்கு
நான் துடைத்தவை.
இது 308, நடுவில் மயிரிழைக் கீறல்.
இது தேநீர் அறை, விளிம்பில் எந்நாளும் பிசுக்கு.
இது ஒருபோதும் சரியாகச் சாத்தாது,
இதன் கீழே இருந்த மனுசி
தை மாதம் முழுக்கச் சால்வையோடு கணக்குப் பார்த்தாள்.
ஏழும் ஏழு அளவு.

குகதாஸ் பால் பெட்டியைக் கிழித்து
உள்பக்கத்தில் செலவெழுதினார்:
திருகாணி, பதினொரு யூரோ நாற்பது.
நெளி பிளாஸ்டிக் கூரை, பாவித்தது, இருபத்தைந்து.
பலகை, சந்தைக்குப் பின்னால் கிடந்த சரக்குத் தட்டுகள், சும்மா.
ஆணி பிடுங்கப் போய்க் கிழிந்த விரலை
அவர் எழுதவில்லை.

உடுப்புக் காயப்போடும் கயிற்றை
மூலைக்கு மூலை இழுத்துப் பார்த்தோம்.
ஒரு பக்கம் நீளம், மறுபக்கம் கட்டை.
நாங்கள் கட்டியது பெட்டி இல்லை,
யாரோ தோளில் கைபோட்டுச் சாய்ந்த பெட்டி.
பக்கத்துத் தோட்டத்து வீட்செக்
வேலியைத் தாண்டி வந்தார், பேச்சில்லை.
அடிச்சட்டத்துக்குக் காலால் ஒரு உதை.
கயிறு இரண்டும் சமம்.
துளைகருவியை வைத்துவிட்டுப் போய்விட்டார்.

பிறகு சங்கத்துச் செயலாளர் சோல்னர் அம்மா,
அளவுநாடாவோடு.
உயரம் இரண்டு மீட்டர் இருபதுதான் விதி.
எங்களுடையது இருபத்துமூன்று.
மழை தூறிக்கொண்டிருந்தது.
குகதாஸ் கூரையைப் பார்த்தார்,
நான் மண்ணைப் பார்த்தேன்.
அடுத்த சனி, நாலு மூட்டை சரளைக்கல்,
சுற்றிவரக் கொட்டி, இருவருமாய் மிதித்தோம்.
கூரை இருந்த இடத்தில் இருந்தது,
பூமி மூன்று சென்டிமீட்டர் ஏறியது.
அவர் குனிந்து திரும்ப அளந்தார்,
சரளையைக் கொஞ்ச நேரம் பார்த்தார்,
கையெழுத்திட்டார்.
வாயோரத்தில் ஏதோ இருந்தது, சிரிப்பென்று சத்தியம் செய்யமாட்டேன்.

சித்திரையில் உறைபனி.
கறுப்பு மை பூசிய தண்ணீர்ப் போத்தல்கள்
பகலில் குடித்த வெயிலை
இரவில் சில்லறை சில்லறையாய்த் திருப்பிக் கொடுத்தன.
விடிய வெளியே புல் நொறுங்கியது.
உள்ளே வெப்பமானியில் நாலு.
முப்பத்தொரு தக்காளி நாற்றில் செத்தது இரண்டு.

ஆனியில் மறுபக்கம்:
முப்பத்தொன்பது பாகை, இலை நுனி சுருண்டு கருகியது.
சாத்தாத அந்த யன்னலுக்கு
முதன்முதலாய் ஒரு உத்தியோகம் கிடைத்தது.
என்றாலும் காற்றுப் போதவில்லை.
வீட்செக் வாய் திறந்தார்:
"சுண்ணாம்பு பூசு."

எனக்கா சொல்கிறார்?
ஒரு விரலடையாளம் மிஞ்சினாலும்
மஞ்சள் தாள் ஒட்டிவிட்டுப் போனவர்களின்
கண்ணாடி இது.
வாளியில் கரைத்தேன், மோர்ப் பதத்தில்.
தூரிகையைத் தூக்கினால்
கை தன்பாட்டில் வட்டம் வட்டமாய்த் துடைக்கப் போகிறது.
நிறுத்தினேன்.
பிறகு மேலும் கீழும், குறுக்கும் மறுக்கும்,
308இன் கீறலுக்கு மேலால்,
தேநீர் அறைக்கு இரண்டு தரம்,
முழங்கை வரை வழிய வழிய.
குகதாஸ் உள்ளேயிருந்து கத்தினார்,
"காணும், நிழல் வந்திட்டுது!"
நான் இன்னும் ஒரு யன்னல் பூசினேன்.

திங்கள், நாலரை.
மூன்றாம் மாடி, புதுக் கண்ணாடி,
என் நகக்கண்ணில் வெள்ளை.
துடைத்தேன், மஞ்சள் தாளுக்கு இடமில்லாமல்.
விளிம்பில் யாரோ வைத்த பூச்சாடி,
இலை நுனி சுருண்டு கருகி.

மேசைக்கு அந்தப் பக்கமாய்
தள்ளிவைத்துவிட்டு வந்தேன்.